பழைய தேக்குன்னு நம்பிக் கோலம் போட்டேன்: மலிவு மேசை வாங்குறவங்க கவனத்துக்கு

யாங்கோனில் மலிவா மரச்சாமான் வாங்கிக் கைவேலை செய்ற அக்கா தங்கச்சிங்க, பெயிண்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

மக படிக்க ஒரு சின்ன மேசையும் முக்காலியும் தேடினேன். கடைக்காரர் நம்ம தமிழ் ஆள்தான். "பழைய வீடு இடிச்ச தேக்கு அக்கா, அதான் இந்த விலை. உங்ககிட்டப் பொய் சொல்வேனா?" ரெண்டும் 60,000 கியாட். பர்மாவிலிருந்து காரைக்குடி வீடுகளுக்குத் தூணாப் போன மரமாச்சே, இந்த ஊரில் பழசு கிடைக்காமலா போகும்னு வாங்கிட்டேன்.

உப்புத்தாள் போட்டதும் காபிக் கலர் பாலிஷ் போய் வெளுத்த மரம் தெரிஞ்சுது. தேக்குக்கு உண்டான எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வாசனை இல்லை. போன் பண்ணினா, "அது தேக்கோட வெளிமரம் அக்கா" என்றார். தேக்கிலும் வெளிமரம் வெளுப்புதானே, நம்பிட்டேன். அங்கங்கே குண்டூசித் தலை அளவுக்கு மக்கு (ஓட்டை அடைக்கிற பசை) அடைச்சிருந்ததையும் ஆணித் தடம்னு விட்டுட்டேன்.

ஒரு வாரம் அதே வேலையாக் கிடந்தேன். பழைய எக்ஸ்ரே பிலிமில் ஏழு புள்ளிக் கோலத்தை வெட்டி அச்சு செஞ்சேன். ஸ்பாஞ்சை வெள்ளைப் பெயிண்டில் தொட்டு, தாளில் ஒத்தி, முக்கால்வாசி காய்ஞ்சப்புறம்தான் அச்சு மேல வைக்கணும். ஈரம் அதிகமானா அடியில் ஓடிடும். முக்காலிக்குக் காலண்டர் பூக்களை வெட்டி ஒட்டி, மேலே மூணு கை வார்னிஷ்.

மூணாவது வாரம் மகதான் பார்த்தா. "அம்மா, இங்க ஒரு புள்ளி கூட இருக்கு." கோட்டுக்கு வெளியே, கறுப்பா, வட்டமா. ஊசியை விட்டேன், உள்ளே போச்சு. தரையில் முகப்பவுடர் மாதிரி சின்னக் குவியல். மறுநாள் நாலு ஓட்டை. முக்காலியில் காலண்டர் தாமரைக்கு நட்டநடுவிலேயே ஒண்ணு.

தச்சர் வந்து பார்த்தார். உளுத்த ரப்பர் மரம். மோன் மாநிலத்துத் தோட்டங்களில் பால் வத்தினதும் வெட்டுறாங்களே, அந்த மரம். ரப்பர் மரத்தைக் குறை சொல்லலை. அதில் மாவுச்சத்து அதிகம். போராக்ஸ் கலவையில் பதப்படுத்தாம விட்டா மரத்தைத் துளைக்கிற வண்டு புகுந்திடும்.

கடைக்காரர், "வண்டு உங்க வீட்டில் ஏறியிருக்கும். பெயிண்ட் வேற அடிச்சிட்டீங்க, திருப்பி எடுக்க மாட்டேன்" என்றார். பச்சைப் பொய். அந்த வண்டு பூச்சில்லாத மரத்தில்தான் முட்டை வைக்கும். பெயிண்டைத் துளைச்சுக்கிட்டு வெளியே வருதுன்னா, விற்கும்போதே புழுவா உள்ளே இருந்திருக்கு. இல்லைன்னா அந்த ஓட்டைகளுக்கு மக்கு எதுக்கு?

கடையிலேயே கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்க. வாங்கி வந்தா வெள்ளைத்தாள் மேல வெச்சுத் தட்டுங்க, சில நாள் அப்படியே விடுங்க. தூள் விழுந்தா உடனே திருப்பிக் கொடுங்க. போராக்ஸ் தண்ணி அடிக்கிறதானாலும் வெறும் மரத்தில்தான் இறங்கும், பெயிண்டுக்கு மேல அடிச்சுப் பிரயோஜனமில்லை.

மேசையும் முக்காலியும் இப்போ பிளாஸ்டிக் உறைக்குள்ள வராந்தாவில் இருக்கு. இந்த வண்டு மூங்கிலையும் விடாதாம். அம்மா விட்டுப்போன மூங்கில் கூடைங்களை ஒவ்வொண்ணா உதறிப் பார்த்துக்கிட்டிருக்கேன்.