எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி, முழங்காலைத் தொடாமலே அனுப்பிவிட்டார்கள்

கபடி, கால்பந்து ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இதைப் படித்துவிடுங்கள். என் தங்கை கல்லூரிக் கபடி அணியில் ரெய்டு போகிறவள். ஒரு போட்டியில் கோட்டுக்குத் திரும்பும்போது பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழன்றுவிட்டது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று கேட்டதாகச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் மூட்டு வீங்கி, மடக்கவே முடியவில்லை.

எங்கள் ஊரில் பெயர் பெற்ற தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். யாரும் இடிக்காமல் கால் முறுக்கிக்கொண்டது, சத்தம் கேட்டது, சில மணி நேரத்தில் வீங்கியது என்று எல்லாவற்றையும் சொன்னோம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தாலே ஏசிஎல் என்கிற முன் ஜவ்வு கிழிந்திருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிக்க வேண்டும். அவரோ நாற்காலியைவிட்டு எழவில்லை. பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொல்லக்கூட இல்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், படத்தைப் பார்த்தார், “ஒன்றுமில்லையம்மா, சுளுக்குத்தான்” என்றார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும்; ஜவ்வு தெரியாது. பிறகு கரண்ட் சிகிச்சை, மெழுகு ஒத்தடம், அவர்கள் மருந்துக்கடையிலேயே வாங்க வேண்டிய முழங்கால் உறை என்று பில் நீண்டது. வலி குறைந்ததும் ஆடலாம் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆடினாள். மறுபடியும் கால் நழுவி விழுந்தாள். அதன்பின் படி இறங்கும்போதுகூட மூட்டு விட்டுப்போனது.

பக்கத்து நகரத்தில் ஓர் எலும்பு மருத்துவர் அம்மாவிடம் போனோம். அவர் தங்கையைப் படுக்க வைத்து, நல்ல காலைத்தான் முதலில் பிடித்தார். முழங்காலை இருபது, முப்பது டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்பகுதியை முன்னோக்கி இழுத்தார். சற்று நகர்ந்து கெட்டியாக நின்றது. அடிபட்ட காலில் அதையே செய்தபோது எலும்பு முன்னால் வந்துகொண்டே இருந்தது. தடுத்து நிறுத்த உள்ளே எதுவுமில்லை. “தம்பி, நீங்களே பாருங்கள்” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

இதற்கு லாக்மன் சோதனை என்று பெயர். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தமக்கு ஆசிரியராக இருந்த ஜான் லாக்மனின் பெயரால் ஜோசப் டார்க் 1976-இல் இதை வெளியிட்டார். இயந்திரம் வேண்டாம், ஒரு கட்டிலும் பழகிய இரண்டு கைகளும் போதும். முழங்காலைத் தொண்ணூறு டிகிரி மடக்கி இழுக்கும் சோதனையும் உண்டு. ஆனால் வீங்கிய கால் அவ்வளவு மடங்காது. தொடையின் பின்தசை இறுகிக்கொண்டு கிழிசலை மறைத்தும்விடும். அந்த மருத்துவர் அம்மா பக்கவாட்டு ஜவ்வுகளுக்காகக் காலை நேராக வைத்தும், சற்று மடக்கியும் இருபுறமும் வளைத்துப் பார்த்தார். மெனிஸ்கஸுக்கு, அதாவது மூட்டுக்குள் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் குருத்தெலும்புத் திண்டுக்கு, காலை மடக்கித் திருகிக்கொண்டே நீட்டினார். பிறகுதான் எம்ஆர்ஐ எழுதினார். ஏசிஎல் முழுதாக அறுந்திருந்தது, மெனிஸ்கஸிலும் கிழிசல். அது முதல் நாளே கிழிந்ததா, பிறகு விழுந்தபோதா என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஜவ்வு இல்லாத காலோடு ஆடினால் மெனிஸ்கஸ் அடிபடும் ஆபத்து கூடும் என்பதை மட்டும் திட்டமாகச் சொன்னார்.

அடிபட்ட புதிதில் வலியால் தசைகள் இறுகியிருக்கும், அப்போது லாக்மன் சோதனையும் ஏமாற்றலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் வீக்கம் வடிந்ததும் திரும்ப வரச் சொல்லிப் பரிசோதிக்கிறார்கள். முதல் மருத்துவர் கண்டுபிடிக்கத் தவறியது மட்டும்தான் என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அறுவை சிகிச்சைக்காகப் பழைய கோப்பைப் புரட்டியபோது, அவர் கையெழுத்துக்கு மேலே “லாக்மன்: நெகட்டிவ். பக்கவாட்டு ஜவ்வுகள்: உறுதி” என்று இருந்தது. தொட்டே பார்க்காத முழங்காலுக்கு முடிவு எழுதியிருக்கிறார்! என் கோபம் அந்த வரிமேல்தான்.

முழங்காலில் அடிபட்டுப் போனால் தொளதொளப்பான அரைக்கால் சட்டை அணிந்து போங்கள். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் வேறு மருத்துவரிடம் போய்விடுங்கள். சீட்டை அங்கேயே வாசித்து, செய்யாத சோதனை எழுதப்பட்டிருந்தால் அப்போதே கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள் சொல்கின்றன. நாங்கள் எழுத்துமூலம் கேட்டு, கோப்பின் முழு நகலையும் வாங்கிவிட்டோம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கான புகாரோடு அதை இணைத்திருக்கிறோம்.