மின்சாரம் போகும் ஊரில் எந்தக் கோப்பு முறைமை?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் நடக்கும் நாதஸ்வரக் கச்சேரிகளையும் ஓதுவார்களின் தேவாரப் பண்களையும் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். பதிவுகள் பெருகி, 4 டெராபைட் வன்தட்டு ஒன்றை வாங்கியபோது, அதை எப்படிப் பகுதி பிரிப்பது, ஒவ்வொரு பகுதிக்கும் எந்தக் கோப்பு முறைமையை, அதாவது தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையை, வைப்பது என்று முடிவு செய்ய வேண்டி வந்தது. இத்தகைய ஒப்பீடுகளில் வேகத்துக்கே முதலிடம் தருவது வழக்கம். எங்களுக்கு முதல் கேள்வி வேறு: எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், தட்டில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வி அனுபவத்தில் பிறந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் உட்கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மன்னார்குடிப் பக்கத்து உறவினர் வீட்டில் ஜெனரேட்டரை ஓட்டி, பழைய பதிவுகளை வெளிப்புற வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தேன். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. மறுபடி இணைத்துப் பார்த்தபோது ஒரு கோப்புறை முழுவதும் திறக்க மறுத்தது. அந்த வன்தட்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் இருந்தது.

எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. நொடிக்கு 24 மெகாபிட் என்ற அளவில் காணொளி எடுத்தால், ராக ஆலாபனை முடிவதற்குள்ளேயே, சுமார் 24 நிமிடத்தில், அந்த எல்லை வந்துவிடும். எக்ஸ்ஃபேட்டில் இந்தத் தடை இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ், கேமரா எல்லாம் அதைப் படிக்கும். ஆனால் இரண்டிலுமே ஜர்னல் கிடையாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையை ஃபேட்32 இரண்டு படிகளாக வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட் பொதுவாக ஒரே படியைத்தான் வைத்திருக்கும். ஆகவே எடுத்துச் செல்வதற்கு எக்ஸ்ஃபேட் நல்லது. வைத்துக் காப்பதற்கு அதை நான் இனி நம்பமாட்டேன்.

ஜர்னல் என்பதை எங்கள் பக்கத்து நெல் மண்டிக் கணக்கைக் கொண்டு எளிதில் விளக்கலாம். கணக்குப்பிள்ளை வரவு செலவை முதலில் சிட்டாவில் குறித்துக்கொண்டு, பிறகுதான் பேரேட்டில் பதிவார்; பேரேட்டுப் பதிவு பாதியில் நின்றாலும் சிட்டாவைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ்ஸும், 2008 முதல் லினக்ஸ் கருநிரலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலைபெற்ற எக்ஸ்ட்4உம் இப்படித்தான் இயங்குகின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இயல்பான அமைப்பில் இவ்விரண்டின் சிட்டாவிலும் ஏறுவது கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விவரங்களே, கோப்பின் உள்ளடக்கம் அதில் ஏறுவதில்லை. மின்சாரம் போனால் கோப்புறை கட்டுக்குலையாது. ஆனால் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பழுதாகலாம்.

இவ்விரண்டில் எதை எடுப்பது என்பதை இயங்குதளமே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். ஒலித் தொகுப்பை நாங்கள் விண்டோஸில் செய்வதால் அதற்கென ஓர் என்டிஎஃப்எஸ் பகுதி தேவைப்படுகிறது. லினக்ஸ் கருநிரல் 2021இல் வந்த 5.15 பதிப்பிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸில் தானே எழுதவும் வல்லது. இருந்தாலும், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினியில், அணைத்த பிறகும் அந்தப் பகுதி முழுமையாக மூடப்படாத நிலையில் இருக்கக்கூடும். அப்போது லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். பழுது பார்ப்பதற்கும் விண்டோஸுக்குத்தான் திரும்ப வேண்டும். எனவே என்டிஎஃப்எஸ் பகுதியைத் தேவையான அளவுக்குச் சிறிதாக வைப்பதே முறை.

காப்பகப் பகுதிக்குத்தான் நீண்ட யோசனை தேவைப்பட்டது. 2009இல் லினக்ஸ் கருநிரலில் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ், இருக்கும் தரவின் மேல் எழுதாமல், மாற்றத்தைப் புதிய இடத்தில் எழுதி முடித்துவிட்டு, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மாற்றுகிறது. நடுவில் மின்சாரம் போனால் பழைய நிலை அப்படியே இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் அது செக்சம், அதாவது தரவு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் எண், வைத்திருக்கிறது. பத்து ஆண்டு திறக்கப்படாத பதிவில் ஒரு பிட் மாறியிருந்தால் எக்ஸ்ட்4க்கு அது தெரியவே தெரியாது, பிடிஆர்எஃப்எஸ் சொல்லிவிடும். மறைந்த வித்வான் ஒருவரின் வாசிப்பை மறுபடி பதிவு செய்ய வழியில்லை என்பதால், எனக்கு இந்த ஒரு குணமே போதுமானதாக இருந்தது. குறைகளும் உண்டு. ஒற்றை வன்தட்டில் இயல்பாகத் தரவுக்கு ஒரே படி இருப்பதால், அதில் நேர்ந்த பழுதைக் கண்டுபிடிக்குமே தவிரத் திருத்தாது. தட்டு நிரம்பும் தறுவாயில் சிக்கல் தரும். தரவுத்தளம் போல அடிக்கடி மாறும் பெரிய கோப்புகளைச் சிதறடிக்கும். நடுவே திருத்தப்படாத பதிவுகளுக்கு அது பொருட்டில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் கோப்பு முறைமையும் பெரிய கோப்புகளுக்குப் பேர்போனது. ஆனால் அதில் அமைத்த பகுதியைப் பிறகு சுருக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் பெயரின் எல்லை 255 யூனிகோடு குறியீடுகள். எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் மூன்றிலும் 255 பைட்டுகள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுப்பதால், ‘திருவாரூர்’ என்ற ஐந்தெழுத்துக்கே 30 பைட் செலவாகிறது. ‘திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் தைப்பூசத் தீர்த்தவாரி நாதஸ்வரக் கச்சேரி முதல் பகுதி’ என்ற பெயர், புள்ளியும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் சேர்ந்து, சரியாக 255 பைட். ஆண்டைச் சேர்த்தால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் பகுதிக்கு நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்று மறுக்கப்படும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையோ ‘கோ’வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகப் பிரித்துவிடும், அங்கிருந்து வரும் இதே பெயர் 258 பைட்டாகிவிடும். ஆகவே கோப்பின் பெயரைச் சுருக்கி, முழு விவரத்தைத் தனிப் பட்டியலில் எழுதி வைக்கிறோம்.

இறுதியில் லினக்ஸ் இயங்குதளத்துக்கு 200 ஜிகாபைட் எக்ஸ்ட்4, தொகுப்பு வேலைக்கு 500 ஜிகாபைட் என்டிஎஃப்எஸ், மீதி முழுவதும் பிடிஆர்எஃப்எஸ் என்று பிரித்தோம். அது கண்டுபிடிக்கும் பழுதைச் சரிசெய்ய நல்ல படி வேறெங்காவது இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக 2 டெராபைட் வெளிப்புற வன்தட்டு ஒன்று தஞ்சாவூரில் நண்பர் வீட்டில் இருக்கிறது. ஒரே மென்பொருளின் குறை இரண்டு படிகளையும் தாக்கக் கூடாது என்று அதை எக்ஸ்ட்4இல் வைத்தோம். எக்ஸ்ட்4 இயல்பாகவே 5 விழுக்காட்டு இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிக்கொள்ளும். இயங்குதளம் இல்லாத அந்த வன்தட்டில் அது தேவையில்லை என்பதால் நீக்கிவிட்டோம். அதில் மீண்ட 100 ஜிகாபைட்டில், மேலே சொன்ன நொடிக்கு 24 மெகாபிட் அளவில், ஒன்பது மணி நேரக் கச்சேரி அடங்கும்.