இப்போதே மோதுவதா, காத்திருப்பதா?

தொழில்முறை குத்துச்சண்டையில் சாம்பியனுக்கு இரண்டு வழிகள் உண்டு: வலுவான எதிராளியை உடனே சந்திப்பது, அல்லது நாள் கடத்துவது. கணக்குப் பார்த்தால் இரண்டாவதுதான் லாபம். தோல்வியே காணாத பதிவுதான் அவருடைய மூலதனம். ஒரே இரவில் அதன் மதிப்பு சரிந்துவிடலாம். அதிலும் திறமை இருந்தும் பெயர் பெறாத எதிராளி என்றால் ஆபத்து அதிகம், வருமானம் குறைவு. யார்தான் ஒப்புக்கொள்வார்?

காத்திருந்தால் பணம் பெருகவும் செய்யும். ஃபிளாய்ட் மேவெதர், மேனி பாக்கியாவோ என்ற இரு முன்னணி வீரர்களின் மோதலுக்கான பேச்சு 2009இல் தொடங்கியது. சண்டை நடந்ததோ 2015 மே மாதம். அப்போது அவர்களுக்கு வயது 38, 36. பணம் கொட்டியது. ஆட்டம்? என் கண்ணுக்குச் சப்பென்றுதான் இருந்தது.

உடனே மோதுவதில் வேறொரு லாபம் இருக்கிறது: சண்டை நடந்துவிடும். தள்ளிப்போட்டால் அதற்கு உறுதி இல்லை. 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்றவர் ரிடிக் போ. 1992இல் உலக ஹெவிவெயிட் சாம்பியனான பிறகு, லூயிஸைச் சந்திப்பதற்குப் பதிலாக டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) தரும் சாம்பியன் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். தொழில்முறை வளையத்தில் இருவரும் மோதவே இல்லை. போ நல்ல வீரர்தான். ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குப்பைத் தொட்டி.