எல்லை ஆற்றில் அணை: இதாய்ப்பூ வழியா, கரீபா வழியா?

எல்லையாக ஓடும் ஆற்றில் அணை கட்ட நினைக்கும் இரு நாடுகள், மின்நிலையத்தைக் கூட்டுச் சொத்தாக்குவதா, அணையை மட்டும் பொதுவாக்கி மின்நிலையங்களைத் தனித்தனியே நடத்துவதா என்று தயங்குவதுண்டு. பரானா ஆற்றில் பிரேசிலும் பராகுவேயும் கட்டிய இதாய்ப்பூ முதல் வழி. சாம்பேசி ஆற்றில் சாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பகிரும் கரீபா இரண்டாவது வழி.

செலவும் காலமும்
இதாய்ப்பூ: 1973 உடன்படிக்கையின்படி கடன் வாங்கிக் கட்டப்பட்டது, கட்டுமானக் கடன் 2023இல்தான் தீர்ந்தது.
கரீபா: அணை 1959இல் முடிந்தது, ஜிம்பாப்வேயின் தென்கரை மின்நிலையம் முதலிலும் சாம்பியாவின் வடகரை மின்நிலையம் 1970களிலும் வந்தன.

பங்கீடு
இதாய்ப்பூ: மொத்தம் 14,000 மெகாவாட் திறனுள்ள 20 இயந்திரங்களில் பாதி பராகுவேயின் மின்அதிர்வெண்ணான 50 ஹெர்ட்சுக்கும் மறுபாதி பிரேசிலின் 60 ஹெர்ட்சுக்கும் அமைந்துள்ளன. ஆனால் பராகுவே தன் தேவைக்குமேல் எஞ்சும் மின்சாரத்தைப் பிரேசிலுக்கே தரவேண்டும் என்ற விதி, பராகுவேயில் நெடுங்காலமாகக் கசப்பை வளர்த்திருக்கிறது. அந்தக் கசப்பு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.
கரீபா: இங்கே பகிரப்படுவது மின்சாரமன்று, நீர். 1987இல் அமைந்த சாம்பேசி ஆற்று ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் இரு நாடுகளுக்குமான நீரளவை ஒதுக்குகிறது. 2022 நவம்பரில் ஜிம்பாப்வே தன் ஒதுக்கீட்டைத் தீர்த்துவிட்டதால் உற்பத்தியை நிறுத்துமாறு அறிவுறுத்தப்பட்டது.

இழப்பு
இதாய்ப்பூ: குவைரா அருவிகள் 1982இல் மூழ்கின.
கரீபா: ஆற்றங்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 57,000 தொங்கா இன மக்கள் இடம்பெயர்ந்தனர்.

இரு நாடுகளின் மின்தேவையும் பெரிதும் வேறுபட்டு, ஒன்று மட்டும் பெருமுதலைத் திரட்ட வல்லதாயின், உபரியை யாருக்கும் விற்கும் உரிமையுடன் இதாய்ப்பூ வழி பொருந்தும். தேவை ஏறக்குறைய நிகராக இருந்து, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் விரிவாக்க விரும்பினால், வறட்சிக்கான ஒதுக்கீட்டு விதியை முன்பே கறாராக வகுத்துக்கொண்டு கரீபா வழியைத் தேர்வதே தகும்.