நீலச் சுவர், மஞ்சள் வெயில்: இந்த லொகேஷன் போட்டோ உங்களுக்கும் வந்ததா? அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்

போன வாரம் ஜூனியர் பையன் ஒருவன் ஒரு போட்டோவை அனுப்பி, "அண்ணா, எங்க பாட்டுக்கு லொகேஷன் சிக்கிடுச்சு" என்றான். வெளிறிய நீலச் சுவர், உயரமான ஜன்னல், தரையில் சாய்ந்து விழும் மஞ்சள் வெயில். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இதே படத்தை நம்பித்தான் நாங்களும் ஏமாந்தோம்.

நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் மாணவர்கள். நண்பன் எழுதி இசையமைத்த பாட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த காசு. மூட் போர்டுக்கே (நிறம், உடை, வெளிச்சம் எப்படி வர வேண்டும் என்று படங்களை ஒட்டி வைத்துப் பார்ப்பது) மூன்று வாரம் ஆனது. நீலச் சுவருக்கு முன்னால் கடுகு மஞ்சள் சட்டை, வேறு எந்த நிறமும் பிரேமில் துருத்தக் கூடாது என்று முடிவு. சட்டைத் துணியைக்கூட அந்தப் போட்டோவோடு ஒட்டி வைத்துப் பார்த்துத்தான் எடுத்தோம்.

லொகேஷன் பிடித்துத் தருபவர் என்று அறிமுகமான ஆள் தேன் ஒழுகப் பேசினார். "ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நான் லாபமே பாக்கறதில்ல தம்பி." ரெக்கி, அதாவது இடத்தை முன்னாலேயே நேரில் பார்க்கப் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டோம். ஒரு தடவை வீட்டில் விருந்தாளி, இன்னொரு தடவை சாவி யாரிடமோ. "வேற டீம் கேக்குது, இன்னைக்குள்ள சொல்லுங்க" என்றதும் பாதிப் பணம் போய்விட்டது. ரசீது கேட்கவில்லை, தப்பாக நினைப்பாரோ என்று கூச்சம்!

ஷூட்டிங் அன்று காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் சுவர் வெள்ளை. எப்போதோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஹால் என்று காட்டியது ஒரு சின்ன அறை. 16 எம்.எம். மாதிரி வைடு லென்ஸில் எடுத்தால் எந்த அறையும் மண்டபம்தான். எங்களிடம் இருந்தது 50 எம்.எம்., அதில் கொஞ்ச இடம்தான் தெரியும். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஒருவனுடைய இடுப்புக்கு மேலே மட்டும்தான் வந்தது. ஜன்னலோ மேற்குப் பார்த்தது. சூரியன் மணிக்கு 15 டிகிரிதான் நகரும். படத்தில் இருந்த வெயில் சாயங்காலம்தான் வரும், எங்களுக்குப் பேசியதோ மதியம் ஒரு மணி வரை.

அதையும் சமாளித்திருப்போம். ஒன்பதரைக்கு வீட்டுக்காரம்மா வந்து, "யாருப்பா உங்கள உள்ள விட்டது?" என்றார். எப்போதோ ஒரே ஒரு படப்பிடிப்புக்குக் கொடுத்தாராம், அதோடு சரி. அந்த ஆளிடமிருந்து அவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை. வாட்ச்மேனைச் சரிக்கட்டி அந்த ஆள்தான் கதவைத் திறக்க வைத்திருக்கிறார். அம்மா திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

நொடிக்கு 48 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் வேகம் பாதியாகும், ஸ்லோமோஷனிலும் வாயசைவு ஒத்துப்போகும் என்று, பாட்டை இரட்டை வேகத்தில் பாடிப் பத்து நாள் பழகியிருந்தான் எங்கள் பாடகன். அதைத் தெருவில் நின்று எங்களுக்குப் பாடிக் காட்டினான்.

அந்த ஆளுக்குப் போன் செய்தால், "உள்ள போனீங்கல்ல? என் வேலை முடிஞ்சுது" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பணம் இன்னும் வரவில்லை.

பின்னால்தான் படத்தைக் கூகுளில் தேடிப் பார்த்தோம். பழைய வாடகை விளம்பரம் ஒன்றில் அதே ஜன்னல், அதே வெயில். தேடியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒரிஜினல் போட்டோ ஃபைலில் எடுத்த தேதி, நேரம், லென்ஸ் அளவுகூடப் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஷூட் வைக்கும் அதே நேரத்தில், அதே லென்ஸோடு போய் நிற்காமல் இனி நாங்கள் யாருக்கும் அட்வான்ஸ் தருவதில்லை. எந்த அறை, எத்தனை மணி வரை என்று உரிமையாளரே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும்.

ஜூனியரிடம் இதையெல்லாம் சொல்லி, முதலில் அந்தப் போட்டோவை டாக்குமெண்டாகக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். "போன் மாத்திட்டேன் தம்பி, பழசெல்லாம் போயிடுச்சு" என்று பதில் வந்ததாம்.