சிக்னலில் நிற்கும் மோரிஸ் மைனர்: டைனமோவே போதுமா, ஆல்டர்னேட்டர் போடலாமா?

என்னிடம் இருப்பது 1959 மாடல் மோரிஸ் மைனர் 1000. பகலில் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்யும் இரவில் கோவை காந்திபுரம் சிக்னலில் நின்று பார்க்க வேண்டும்: வைப்பர் முக்கி முனகிக்கொண்டு நகரும், ஹெட்லைட் மங்கி அகல் விளக்கு மாதிரி ஆகும், சார்ஜ் லைட் கண் சிமிட்டும். பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எல்லாம் பளிச்சென்று திரும்பி வந்துவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி. இதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குச் சொன்னது ஒன்றுதான், "டைனமோவைத் தூக்கி எறிங்க, ஆல்டர்னேட்டர் போடுங்க." இரண்டுமே எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்கிறவை, டைனமோ பழைய வகை, ஆல்டர்னேட்டர் பிறகு வந்த வகை. கடைசியில் நானும் போட்டுவிட்டேன், ஆனால் எல்லோரும் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். இதில் வரும் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் போல இழுக்கும், பின் லைட்டும் டேஷ் லைட்டும் 2, இக்னிஷன் காயில் 3 முதல் 4, வைப்பர் ஒரு 2 அல்லது 3. பெட்ரோல் பம்பையும் சேர்த்தால்கூட 20ஐத் தாண்டாது. அதாவது வண்டி ஓடும்போது டைனமோவே போதும். நிற்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, டைனமோ தருவது ஏறக்குறைய பூஜ்யம். மொத்தச் சுமையும் பேட்டரி தலையில் விழுகிறது.

ஏன் அப்படி? டைனமோவில் மின்சாரம் உண்டாவது ஆர்மேச்சர் என்ற சுற்றுகிற கம்பிச் சுருளில். அத்தனை கரண்டும் அதன் முனையில் இருக்கும் கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டை வளையம் வழியாக, கார்பன் பிரஷ் தொட்டு எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாமே என்றால், ஹைவேயில் ஆர்மேச்சர் கம்பி பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். கரண்டு உண்டாவது ஸ்டேட்டர் என்ற அசையாத சுருளில். சுற்றுகிற ரோட்டருக்கு பிரஷ் வழியாகப் போவது இரண்டு மூன்று ஆம்பியர்தான். அதனால் சின்ன புல்லி போட்டு நன்றாக வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலேயே சார்ஜ் ஏறும். நான் பார்த்த வரை டைனமோவின் 22 ஆம்பியரா, ஆல்டர்னேட்டரின் 36 ஆம்பியரா என்பது இரண்டாம்பட்சம், சிக்னலில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

சரி, டைனமோ பக்கம் என்ன நியாயம்? மாற்றும் முன்னால் ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் கேட்டார், "தம்பி, இதுக்கு எண்ணெய் விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" பின்பக்க மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, அதில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட வேண்டுமாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கழற்றிப் பார்த்தால் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் ஆடிக்கொண்டிருந்தது, பிரஷ் இரண்டும் கட்டைப் பென்சில் அளவுக்குக் குட்டையாகியிருந்தன. புது புஷ், புது பிரஷ் போட்டு, கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவை உடைந்த ஹேக்ஸா பிளேடால் சுரண்டி விட்டதும் பாதி வியாதி போய்விட்டது. இன்னொரு கடையில் "டைனமோ செத்துப்போச்சு" என்று சொல்லியிருந்தார்கள், அங்கே மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஞாயிறு காலை மட்டும் ஓட்டுகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பின் லைட்டுக்கும் டேஷுக்கும் எல்.இ.டி பல்பு மாட்டினால் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

ஆல்டர்னேட்டர் என்று முடிவு செய்தால் முன்னால் நிற்பது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடம்போடு இணைத்திருப்பது. மோரிஸ் மைனர் 1971இல் நின்றுபோகும் வரை பாசிட்டிவ் எர்த்தாகவே வந்த வண்டி. டைனமோவுக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான், ஆனால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு தலைகீழாக மாட்டிய அந்த நொடியே போய்விடும். ஆகவே பேட்டரியைத் திருப்ப வேண்டும். பாசிட்டிவ் முனை கொஞ்சம் தடிமன் என்பதால் கிளாம்பும் மாற்ற வேண்டியிருக்கும். காயிலில் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பார்க் பலவீனமாகும். பாயின்ட் வைத்த பழைய எஸ்.யூ பெட்ரோல் பம்ப் எப்படி மாட்டினாலும் ஓடும், எலக்ட்ரானிக் பம்ப் என்றால் ஜாக்கிரதை.

எதை மாட்டுவது? லூகாஸ் 17ஏ.சி.ஆர் 36 ஆம்பியர், இந்த எஞ்சின் குடும்பத்துக்கே பழக்கமான சரக்கு. உக்கடத்தில் தேடினால் மாருதி 800 ஆல்டர்னேட்டர் அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பிராக்கெட்டுக்கும் வாஷருக்கும் லேத் பட்டறைக்கு இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். புல்லி நேர்க்கோட்டில் வராவிட்டால் பெல்ட் ஓரம் தின்றுவிடும். மூன்றாவதாக ஒன்று, டைனமோ உடம்புக்குள்ளேயே ஆல்டர்னேட்டர், பிரிட்டனில் டைனேட்டர் என்ற பெயரில் விற்கிறார்கள். பாசிட்டிவ் எர்த்துக்கும் கிடைக்கும், பானெட்டைத் திறந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கண்காட்சிக்குக் கொண்டு போகிற வண்டிக்கு அதுதான் அழகு. விலையைக் கேட்டதும் நான் நகர்ந்துவிட்டேன், மாருதி சாமான்தான் எனக்குக் கட்டுப்படியானது.

வயரிங்கில் ஒரு தப்பு செய்தேன். பழைய வயரிலேயே ஆல்டர்னேட்டரை மாட்டி ஓட்டினால் இரண்டாவது நாள், டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கட்அவுட் பெட்டிப் பக்கம் பிளாஸ்டிக் சுடுகிற வாடை. 22 ஆம்பியருக்குப் போட்ட வயர், அதுவும் அறுபது வருஷ வயர், பாவம் என்ன செய்யும்! இப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு நேராகத் தடிமனான புது வயர். கட்அவுட் பெட்டி சும்மா அழகுக்கு அதே இடத்தில் நிற்கிறது. சார்ஜ் லைட்டுக்கு மட்டும் எல்.இ.டி போடாதீர்கள், அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகிற கரண்டுதான் ஆல்டர்னேட்டரை எழுப்பி விடுகிறது. அப்புறம் காயில்: இந்த வண்டியில் அது டைனமோ முதுகில்தான் உட்கார்ந்திருந்தது, அதற்கு வேறு இடம் பார்த்து ஓட்டை போட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் மனசு ஆறாத ஓட்டை அது.

கழற்றிய டைனமோவை விற்காதீர்கள். என்னுடையது துணி சுற்றிப் பரணில் இருக்கிறது. என்றைக்காவது திரும்ப மாட்டினால், வண்டி இப்போது நெகட்டிவ் எர்த் ஆகிவிட்டதால், டைனமோவின் காந்தத் துருவமும் அதற்கேற்ப மாற, வயர் மாட்டும் முன் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் (ஃபீல்ட்) டெர்மினலில் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். சின்னதாக ஒரு பொறி பறக்கும். அதை மறக்கக்கூடாது என்று டைனமோ மேலேயே டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.