கன்சாஸ் சிட்டி: மிசோரியா, கன்சாஸா?

வேலை கன்சாஸ் சிட்டியில், சரி. வீடு எந்தக் கன்சாஸ் சிட்டியில் பார்ப்பது? அமெரிக்காவில் ஒட்டியபடியே ஒரே பெயரில் இரண்டு நகரங்கள், நடுவே மிசோரி, கன்சாஸ் மாநிலங்களின் எல்லை. பெரியது மிசோரிப் பக்கம்தான்; 1861-இல் கன்சாஸ் மாநிலமாவதற்கு முன்பே இருந்த ஊர்.

வரி
மிசோரி: சம்பளத்தில் 1% நகர வரி.
கன்சாஸ்: அது கிடையாது. ஆனால் எல்லை தாண்டி மிசோரி நகரத்துக்குள் வேலைக்குப் போனால், அங்கே சம்பாதிப்பதற்கு அந்த 1% உண்டு. வீட்டை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது!

போக்குவரத்து
மிசோரி: டவுன்டவுனில் டிராம் இலவசம், விமான நிலையமும் இந்தப் பக்கமே.
கன்சாஸ்: கார் வேண்டும்.

முகவரியில் எம்ஓ (மிசோரி), கேஎஸ் (கன்சாஸ்) என்ற இரண்டெழுத்தைக் கவனமாக எழுதுங்கள்.

டவுன்டவுன் பிடித்தவர்களுக்கு மிசோரி. வேலையும் கன்சாஸ் பக்கமே என்றால் யோசிக்காமல் கன்சாஸ். கார் ரேஸ் மைதானமும் அங்கேதான்.